ஸ்கேன் செய்தாயிற்று, இனி?

ஊர்ப் படிப்பகம், சங்க அலுவலகம், பழைய பள்ளிக்கூடம் போன்ற சிறிய இடங்களில் உள்ள ஆவணங்களை மின்வடிவில் நெடுங்காலம் காப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு எங்கள் ஆவணக் காப்புக் குழு இங்கே பதில் தருகிறது. ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். பெயர்களை விட்டுவிட்டு, ஊரையும் பொறுப்பையும் மட்டும் குறித்திருக்கிறோம்.

எங்கள் படிப்பகத்தில் 1938 முதலான கூட்டக் குறிப்பேடுகள், வரவு செலவுப் பேரேடுகள், பழைய மாத இதழ்கள் எல்லாம் சேர்த்து 12,000 பக்கம் தேறும். எப்படி ஸ்கேன் செய்வது? எவ்வளவு இடம் பிடிக்கும்?
(படிப்பகச் செயலாளர், சிவகங்கை மாவட்டம்)

குறிப்பேடுகளையும் பேரேடுகளையும் முதலில் எடுங்கள். இதழ்கள் காத்திருக்கட்டும். அச்சில் வந்ததற்கு வேறெங்காவது ஒரு படி இருக்க வாய்ப்புண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல், இலங்கை வெளியீடு என்றால் ‘நூலகம்’ என்ற இணையத்தளம் ஆகியவற்றில் தேடிப் பார்த்துவிட்டு, அங்கே இல்லாத இதழ்களை மட்டும் பிறகு செய்தால் போதும். கைப்பட எழுதிய குறிப்பேட்டுக்கு உலகத்திலேயே ஒரு படிதான் உண்டு, அதுவும் உங்கள் அலமாரியில்.

கையெழுத்துக்கும் பொடி எழுத்து அச்சுக்கும் அங்குலத்துக்கு 400 புள்ளி, 24 பிட் வண்ணம். சாதாரண அச்சுப் பக்கத்துக்கு 300 போதும். மூலக்கோப்பை டிஃப் என்னும் பட வடிவில் வையுங்கள். ஏ4 பக்கம் ஒன்று 400இல் சுருக்காத டிஃப்பாக ஏறத்தாழ 46 எம்பி வரும். 12,000 பக்கத்துக்கு 560 ஜிபி. 300 என்றால் பக்கத்துக்கு 26 எம்பி, மொத்தம் 315 ஜிபி. எல்இசட்டபிள்யூ என்னும் சுருக்க முறை தரத்தைக் குறைக்காது என்றாலும், பழுப்பேறிய தாளின் படம் அதில் பெரிதாகச் சுருங்குவதில்லை. முழு அளவையே கணக்கில் கொண்டு 2 டிபி ஹார்டு டிஸ்க் மூன்று வாங்குங்கள். வாசிப்பவர்களுக்கு ஜேபெக் அல்லது பிடிஎஃப் தனியாக எடுத்துக்கொள்ளலாம். வெட்டுவது, நேராக்குவது, வெளுப்பாக்குவது எல்லாம் அந்த வாசிப்புப் படியில்தான். டிஃப்பைத் தொடக் கூடாது.

இடத்தை மிச்சப்படுத்தக் கறுப்பு வெள்ளையாக எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். கறுப்பு வெள்ளை முறையில் ஒவ்வொரு புள்ளியும் மையா தாளா என்று மென்பொருள் முடிவு செய்கிறது. மங்கிய மையில் எழுதிய மெய்யெழுத்தின் புள்ளியைத் தூசி என்று துடைத்துவிடும். தாளின் பழுப்புத் துளியை மைப்புள்ளியாக்கிவிடும். தமிழில் ஒரு புள்ளி போனால் சொல்லே மாறுகிறது. கைபேசிச் செயலிகள் தாமாகப் படத்தைப் ‘பளிச்’ ஆக்கும்போதும் இதே சேதம்தான். சிவப்பு மைத் திருத்தம், பென்சில் குறிப்பு, மங்கிய ரப்பர் முத்திரை எல்லாம் வண்ணத்தில்தான் பிழைக்கும்.

தாளைத் தானாக இழுக்கும் ஸ்கேனரில் பழைய தாளை விடவே கூடாது. தைத்த பேரேட்டைக் கண்ணாடி மேல் கவிழ்த்து அழுத்தினால் முதுகு விட்டுப்போகும். அதற்குக் கேமராவும் அதைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் ஸ்டாண்டும் நல்லது. 24 மெகாபிக்சல் கேமராவில் படம் 6000க்கு 4000. ஏ4 பக்கம் ஒன்று ஓரம் கொஞ்சம் விட்டு நிறைந்தால் 400 கிடைத்துவிடும். இரண்டு பக்கத்தைச் சேர்த்து எடுத்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி அளவுதான் வரும். ஆகவே ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். பேரேட்டை முழுக்க விரிக்காமல் இருபுறமும் துணிச்சுருள் வைத்துத் தாங்குங்கள். இரண்டு விளக்குகள், இருபுறமும் 45 பாகைச் சாய்வில். ஜன்னலைத் திரையிட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் காலையில் எடுத்த பக்கம் ஒரு நிறம், மாலையில் எடுத்தது இன்னொரு நிறமாகிவிடும்.

ஒவ்வொரு ஏட்டின் முதல் படத்திலும் ஓர் அளவுகோலையும் வண்ண அட்டையையும் சேர்த்து எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். இருபது வருடம் கழித்துப் பார்ப்பவர், விட்டுப்போனதா வெற்றாக இருந்ததா என்று திகைக்கக் கூடாது. ஐம்பது பக்கத்துக்கு ஒருமுறை ஒரு படத்தை முழு அளவில் பெரிதாக்கி ஃபோகஸ் பாருங்கள். ஸ்டாண்டு திருகு தளர்ந்து ஒரு நாள் வேலை முழுவதும் மங்கிப்போவதுதான் வழக்கமான விபத்து.

ஆயிரம் ஆண்டு தாங்கும் டிஸ்க் என்று விற்கிறார்களே, அதில் எழுதி வைத்துவிட்டால் கவலை இல்லைதானே?
(ஆசிரியர், கும்பகோணம்)

டிஸ்க் தாங்கலாம். அதைப் படிக்கும் கருவிக்கு யார் உத்தரவாதம்? பிரிட்டனில் 1086இல் தோலில் எழுதிய டூம்ஸ்டே நிலப் பதிவேட்டை இன்றும் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டையொட்டி 1986இல் பிபிசி ஒரு புதிய பதிவேட்டை லேசர் டிஸ்க்கில் வெளியிட்டது. பதினைந்தே ஆண்டுகளில் அதைப் படிக்கும் கருவி அரிதாகிவிட, தனி ஆய்வுக்குழுக்கள் உட்கார்ந்து மீட்க வேண்டியிருந்தது. இன்று புது மடிக்கணினிகளில் டிஸ்க் போடும் இடமே இல்லை. நான்காவது படியாக வேண்டுமானால் எழுதி வையுங்கள். அதை நம்பி மற்ற படிகளை விட்டுவிடாதீர்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு பீரோவில் வைத்தோம். இப்போது போட்டால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, திறக்கவில்லை. என்ன செய்யலாம்?
(சங்கப் பொருளாளர், தூத்துக்குடி)

உடனே இணைப்பை எடுங்கள், மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். அந்தச் சத்தம் படிக்கும் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டுவது. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் உள்ளே தட்டின் மேற்பூச்சு உரியக்கூடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்தால் இருப்பதும் போகும். திருகைக் கழற்றிப் பார்ப்பதும் அப்படியே. தூசியில்லாத அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

சத்தம் இல்லை, மெதுவாகப் படிக்கிறது, சில கோப்புகள் மட்டும் திறக்கவில்லை என்பவர்களுக்கு வேறு பதில். விண்டோஸ் ‘பழுது பார்க்கட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பழுதுபார்ப்பு நோயாளி டிஸ்க்கின் மேலேயே எழுதும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் உண்டு. நல்ல பகுதிகளை முதலில் புது டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். கோப்பு மீட்கும் மென்பொருளை அந்த நகலின் மேல்தான் ஓட்ட வேண்டும்.

இனிமேலுக்கு: மூன்று படிகள், அவற்றில் ஒன்றாவது வேறு வகைச் சாதனத்தில், ஒன்றாவது வேறு ஊரில். வேறு ஊர் என்றால் பக்கத்து ஊர் அல்ல. 2023 டிசம்பர் முதல் வாரம் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. இரண்டே வாரத்தில் உங்கள் மாவட்டமும் திருநெல்வேலியும் மூழ்கின. தூத்துக்குடியில் ஒன்றும் திருச்செந்தூரில் ஒன்றும் வைத்தவருக்கு அன்று இரண்டும் ஒரே தண்ணீரில்தான். தூத்துக்குடிக்காரர் ஒரு படியைக் கோவையிலோ சேலத்திலோ வைக்கலாம்.

டிஸ்க்குகளை வெவ்வேறு நிறுவனத்திடம், வெவ்வேறு மாதத்தில் வாங்குங்கள். ஒரே பெட்டியில் வந்த இரண்டுக்கும் ஒரே குறை இருக்கலாம், ஒரே மாதத்தில் போகலாம். வாங்கிய தேதியை ஒட்டி வையுங்கள். ஐந்து வருடமானால் நன்றாக ஓடினாலும் மாற்றிவிடுங்கள். கடலோர ஊர்களில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்து, பொட்டலம் நிறம் மாறியதும் காயவைக்க வேண்டும்.

பென்டிரைவையும் எஸ்எஸ்டியையும் பீரோவில் பூட்டி வைக்கும் படியாகப் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் தரவு நுண்ணிய மின்னூட்டமாகத்தான் நிற்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும், நம் வெயிலில் இன்னும் வேகமாக. இரண்டு டிஸ்க்கை ஒரே பெட்டியில் வைத்துத் தானாக நகலெடுக்கும் கருவி வாங்கியவர்கள் அதை இரண்டு படி என்று எண்ண வேண்டாம். ஒன்றில் தவறி அழித்தால் மற்றதிலும் அந்த நொடியே அழியும். கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் இரண்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். ஒரு படியாவது எந்தக் கணினியோடும் இணையாமல் கிடக்க வேண்டும்.

நகலெடுத்த பிறகு இரண்டு ஃபோல்டரின் அளவும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறது. அது போதாதா?
(நூலகர், ஈரோடு)

போதாது. அளவு என்பது உள்ளடக்கப் பட்டியலில் எழுதியிருக்கும் ஓர் எண். உள்ளே இருக்கவேண்டிய படத்துக்குப் பதில் வெறும் பூச்சியங்கள் இருந்தாலும் அளவு அதேதான். கேபிள் தளர்வு, பழுதான நினைவகம், ‘பாதுகாப்பாக நீக்கு’ என்று சொல்லாமல் டிஸ்க்கை உருவியது ஆகிய எல்லாமே இப்படிப்பட்ட கோப்புகளை விட்டுச்செல்லும்.

சரிபார்க்கும் வழி செக்சம். ஒரு கோப்பின் எல்லாப் பிட்டுகளையும் கணக்கிட்டு ஒரு கைரேகையைத் தருவது அது. எஸ்எச்ஏ-256 முறையில் அந்தக் கைரேகை 64 எழுத்துகள். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். இதற்கான கட்டளை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கூடவே வருகிறது. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது என்பதால், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இலவசமாகத் தரும் பேகர் என்ற நிரலைப் பயன்படுத்துங்கள். அது பேக்இட் என்னும் முறைப்படி ஒரு பொட்டலம் கட்டும். கோப்புகளெல்லாம் உள்ளே ஒரு ஃபோல்டரில் இருக்கும், வெளியே ஒவ்வொரு கோப்பின் கைரேகையும் எழுதிய சாதாரண உரைக்கோப்பு ஒன்று இருக்கும். நாளைக்கு பேகர் நிரலே இல்லாமற்போனாலும் அந்த உரைக்கோப்பைப் படித்து யாரும் சரிபார்க்கலாம். அதனால்தான் இந்த முறையைப் பரிந்துரைக்கிறோம்.

வரிசை முக்கியம். ஒரு ஏட்டை எடுத்து முடித்ததும், பக்கங்களைச் சரிபார்த்து, பெயரிட்டு, அன்றைக்கே பொட்டலம் கட்டுங்கள். அதன் பிறகு மூன்று டிஸ்க்குக்கும் நகலெடுத்து, மூன்றிலும் ‘சரிபார்’ என்று ஓட்டுங்கள். நகலெடுத்த பின் கைரேகை எடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கெட்டுப்போன கோப்பின் கைரேகையைத்தான் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

வருடாந்தரச் சோதனையில் பிழை வந்தால் உடனே டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். யாரோ படத்தைத் திறந்து நிமிர்த்திப் பார்த்திருப்பார்கள். விண்டோஸின் படம் பார்க்கும் நிரல் திருப்பியதைக் கோப்பிலேயே எழுதிவிடும், கைரேகை மாறிவிடும். மேக் கணினி ஃபோல்டரைத் திறந்ததுமே ஒரு மறைகோப்பை விட்டுப்போகும், பொட்டலத்தில் இல்லாத கோப்பு என்று பேகர் முறையிடும். அதை அழித்தால் போதும். இவை இல்லாமல் உண்மையிலேயே மாறியிருந்தால் மற்ற இரண்டு படிகளில் சரியானதை எடுத்து மாற்றுங்கள். கைரேகை இருப்பதால்தான் எது சரியானது என்று சொல்ல முடிகிறது.

இன்னொன்று: டிஃப் கோப்புகளை ஜிப்பாக்கிச் சேமிக்காதீர்கள். சுருக்காத டிஃப்பில் ஒரு பிட் கெட்டால் படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறும், அவ்வளவுதான். ஜிப்பில் அதே சேதம் முழுக் கோப்பையும் திறக்கவிடாமல் செய்யலாம்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்தோம். மேக்கிலிருந்து விண்டோஸுக்கும் அங்கிருந்து லினக்ஸுக்கும் போனதும் சில கோப்பு இரண்டிரண்டாகத் தெரிகிறது, சில நகலாகவே மறுக்கிறது.
(பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், யாழ்ப்பாணம்)

இரண்டுக்கும் காரணம் வேறு. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க என்பதோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் வட்டு அமைப்பு பெயர்களைப் பிரித்து எழுதும், விண்டோஸ் தட்டச்சு சேர்த்து எழுதும். லினக்ஸுக்கு இவை இரண்டு வேறு பெயர்கள். ‘கொழும்பு’ என்று இரண்டு ஃபோல்டர் வந்தது இப்படித்தான். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் சொல்லெல்லாம் இதில் மாட்டும்.

நகலாக மறுப்பதற்குக் காரணம் நீளம். லினக்ஸில் கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 85 குறிதான். ‘கொ’ என்பதே இரண்டு குறி. ‘ஆண்டு விழா மலர் பொன்விழாச் சிறப்பிதழ்’ என்பதே 100 பைட்டைத் தாண்டும். இதை இன்னும் நீட்டிக்கொண்டே போனால் எல்லை வந்துவிடும். விண்டோஸில் ஃபோல்டர்களின் பெயர் உட்பட மொத்தப் பாதையும் பொதுவாக 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

தமிழ்ப் பற்றுள்ளவர்களுக்கு வருத்தமாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறோம்: கோப்புப் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்டு வையுங்கள். சங்கத்துக்கு மூன்று எழுத்து, ஏட்டுக்கு நான்கு இலக்கம், பக்கத்துக்கு நான்கு இலக்கம், நடுவில் அடிக்கோடு. இடைவெளி வேண்டாம். முன்னால் பூச்சியம் போட்டு 0001 என்று எழுதினால்தான் வரிசை ஒழுங்காக வரும்.

தமிழ் எல்லாம் பட்டியலுக்குப் போகட்டும். ஏட்டின் எண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், பக்க எண்ணிக்கை, எங்கிருந்து வந்தது, யார் எப்போது எந்தக் கருவியில் எடுத்தது, உரிமை நிலை என்று எட்டுக் கட்டம் இருந்தால் போதும். நாற்பது கட்டம் போட்டு ஆரம்பிப்பவர்கள் இரண்டாவது வாரமே நிறுத்திவிடுகிறார்கள். பட்டியலை எக்செல்லில் செய்தால் இரண்டு பொறிகள் உண்டு. இதழ் எண்ணை 3-4 என்று அடித்தால் அது தேதியாக மாறிவிடும், 0007 என்பது 7 ஆகிவிடும். அடிப்பதற்கு முன்பே அந்தக் கட்டங்களை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும், அதைத் திரும்பப் பெற முடியாது.

1990களில் எங்கள் தமிழ்ச் சங்க மலர்களை பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் பாமினி எழுத்துருவில் செய்தோம். பிளாப்பிகள் இருக்கின்றன. அச்சு மலர்கள் சில தொலைந்துவிட்டன. மீட்கலாமா?
(தமிழ்ச் சங்க உறுப்பினர், டொராண்டோ)

மீட்கலாம், தள்ளிப்போடாதீர்கள். மூன்றரை அங்குலப் பிளாப்பியைப் போடும் முன் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வையுங்கள். துளை திறந்திருந்தால் கணினி அதன்மேல் எழுத முடியாது. யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் போதும். கோப்புகளை இழுத்துப்போடாமல், முழுப் பிளாப்பியையும் அப்படியே 1.44 எம்பி அளவுள்ள ஒரே கோப்பாக, அதாவது பிம்பமாக, எடுங்கள். ஒருமுறை படிக்க மறுத்தால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். தலையின் நேர்பாடு டிரைவுக்கு டிரைவ் மாறும். மேற்பரப்பில் பூஞ்சை தெரிந்தால் போடவே வேண்டாம். டிரைவின் தலை அழுக்காகி அடுத்த பிளாப்பியையும் கீறும்.

பேஜ்மேக்கர் 7க்கு மேல் பதிப்பு வரவில்லை. அதன் 6ஆம் பதிப்பு முதலான கோப்புகளை அடோபியின் இன்டிசைன் சிஎஸ்6 திறக்கும். அல்லது பழைய விண்டோஸை மெய்நிகர்க் கணினியாக நிறுவி பேஜ்மேக்கரிலேயே திறக்கலாம். எப்படித் திறந்தாலும் அன்று பயன்படுத்திய அதே எழுத்துருக் கோப்பு வேண்டும். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. எழுத்துரு போனால் தமிழும் போனது, எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஒரே பெயரில் வரிசை மாறிய எழுத்துருக்களும் உலவின. ஆகவே மலருடன் அதன் எழுத்துருவையும் சேர்த்துக் காப்பது கட்டாயம்.

மூன்றையும் வையுங்கள்: பிளாப்பிப் பிம்பம், பக்க அமைப்பைக் காட்டும் பிடிஎஃப்-ஏ (நெடுங்காலக் காப்புக்கான பிடிஎஃப் வகை), யூனிகோடுக்கு மாற்றிய உரை. பிடிஎஃப்-ஏ வகையில் ‘பி’ என்று முடியும் நிலை தோற்றத்துக்கு மட்டும்தான் உறுதி தருகிறது. அதிலிருந்து தேடவோ வெட்டி ஒட்டவோ முயன்றால் மறுபடி அதே குவியல்தான் வரும். அதனால்தான் உரையைத் தனியே மாற்றச் சொல்கிறோம்.

மாற்றியில் போட்டதும் வரும் உரையை அப்படியே நம்பாதீர்கள். இடையே இருந்த ஆங்கிலச் சொற்களும் முகவரிகளும் தமிழ்க் குழப்பமாக மாறியிருக்கும். பழைய எழுத்துருவில் கொம்பு எழுத்துக்கு முன்னே, யூனிகோடில் பின்னே. வரி ஒடிந்த இடத்தில் கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கும். தட்டச்சு செய்தவர்கள் காலுக்குப் பதில் ரகரத்தையும், ஔகாரக் குறிக்குப் பதில் ளகரத்தையும் அடித்திருப்பார்கள். தாளில் வேறுபாடு தெரியாது, தேடும்போது சொல் அகப்படாது. 7 என்பதைக் குறிக்கும் தமிழ் எண்ணும் எகரமும் இப்படித்தான் மாறிக் கிடக்கும். எழுத்துகளை வரிசைப்படுத்தி எண்ணிப் பார்த்தால் இந்த விருந்தாளிகள் பட்டியலின் அடியில் அகப்படுவார்கள்.

டிஸ்கி, டாப், டாம் என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறைகளில் இருப்பவையும் இப்படியே. டாப், டாம் இரண்டும் 1999 சென்னை மாநாட்டையொட்டித் தரமானவை. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 முறையையும் ஏற்றது. ஆண்டைப் பார்த்தாலே எந்த முறையாக இருக்கலாம் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

கோயில் கொடையில் பதிந்த வில்லுப்பாட்டுக் கேசட்டுகள் நாற்பது இருக்கின்றன. எம்பி3 ஆக்கினால் போதுமா?
(ஊர் நலச் சங்கம், கன்னியாகுமரி மாவட்டம்)

எம்பி3 கேட்பதற்கு. காப்பதற்கு வேவ் வடிவம், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட், முடிந்தால் 96க்கு 24. ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு முதலாவதில் 1 ஜிபிக்குச் சற்று மேல், இரண்டாவதில் 2 ஜிபிக்குச் சற்று மேல். கேசட்டுக்கு ஒரு மணி நேரம் என்றால் நாற்பதும் சேர்ந்து 90 ஜிபியைத் தாண்டாது. இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

கேசட்டின் மேல் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிடுங்கள், தவறிப் பதிவாகாது. முழுவதும் ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டிச் சுருளைத் தளர்த்துங்கள். நாடாவில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் ஓட்டாமல் தனியே வையுங்கள். நாடாவை அழுத்தும் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் நல்ல திருகு வைத்த காலி கேசட்டுக்கு நாடாவை மாற்ற வேண்டும்.

பிளேயரின் தலையை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் துடையுங்கள். கைகழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். பிறகு தலையின் சாய்வு. பதிந்த கருவியின் சாய்வும் உங்கள் பிளேயரின் சாய்வும் பொருந்தாவிட்டால் உடுக்கையின் துடிப்பும் வில்மணியின் ஓசையும் போர்வைக்குள் கேட்பதுபோல மங்கிவிடும். தலைக்குப் பக்கத்துத் திருகைக் கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்பி, மணியோசை மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும். பின்னால் எந்த மென்பொருளாலும் இதை ஈடுகட்ட முடியாது.

கணினியின் மைக் துளையில் செருகாதீர்கள். அது பெரும்பாலும் ஒற்றைத் தடம், ஒலியைத் தானாக ஏற்றி இறக்கும். லைன்-இன் உள்ள வெளி ஒலிக்கருவி வேண்டும். விண்டோஸின் ஒலி மேம்பாடுகளை அணைத்து, உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெலுக்கு மேல் போகாமல் வையுங்கள். இரைச்சல் நீக்குவதை மூலக்கோப்பில் செய்யாதீர்கள். இரைச்சலோடு கூட்டத்தின் குலவையும் போய்விடும். பாடியவர் யார், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்பதைத் தெரிந்த பெரியவர்களிடம் இந்த மாதமே கேட்டு எழுதுங்கள். கேசட்டை அடுத்த வருடம்கூடப் பதியலாம்.

எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறதே, பிறகு ஏன் டிஸ்க்?
(கல்லூரி மாணவி, மதுரை)

மூன்றில் ஒரு படியாக நல்லது. தனியாகப் போதாது. தமிழ் மடலாடற் குழுக்கள் பல இயங்கிய யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. பிரிட்டிஷ் நூலகத்தின் மீது 2023 அக்டோபரில் நடந்த கணினித் தாக்குதலில் அதன் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. கூகுள் இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர்க் கணக்கை அழிக்கலாம் என்ற விதியை வைத்திருக்கிறது. செயலாளரின் சொந்தக் கணக்கில் ஊரின் ஆவணம் இருந்து, அவர் காலமானால் கடவுச்சொல்லும் அவரோடு போகும். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும், இருவரிடம் கடவுச்சொல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் மூலமாக வைக்காதீர்கள், அது சுருங்கிய படம்.

இதையெல்லாம் இணையத்தில் போடச் சட்டம் இடம் தருமா?
(பலர்)

காப்பதும் வெளியிடுவதும் வேறு. லாபநோக்கற்ற பொது நூலகம் தன்னிடம் தாள்படி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 2012 திருத்தம் இடம் தருகிறது. இணையத்தில் போடுவதற்கு அது அனுமதி ஆகாது. இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு, இலங்கையில் 70 ஆண்டு உரிமை உண்டு. கடிதம் உங்களிடம் இருந்தாலும் அதன் வாசகத்தின் உரிமை எழுதியவருக்கும் வாரிசுக்கும். கூட்டக் குறிப்பேட்டிலும் பேரேட்டிலும் இன்னார் கடன்பட்டார், இன்னாரை ஊர் தள்ளிவைத்தது என்று இருக்கும். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை முழுமையாகக் காத்து, படிக்க வருபவருக்கு நேரில் காட்டுங்கள். இணையத்தில் வேண்டாம்.

எங்களிடம் ஊதியம் வாங்கும் ஆள் இல்லை. வருடத்துக்கு எவ்வளவு வேலை இருக்கும்?
(நூலகக் குழு, தஞ்சாவூர் மாவட்டம்)

ஸ்கேன் முடிந்த பின் 1 டிபி அளவுள்ள தொகுப்புக்கு வருடத்தில் இரண்டு நாள். பொங்கல் விடுமுறைக்குப் பின் ஒரு சனி, ஞாயிறை நிரந்தரமாகக் குறித்துவிடுங்கள். முதல் நாள் மூன்று டிஸ்க்கிலும் பேகரில் சரிபார்ப்பு. யூஎஸ்பி 3 இணைப்பில் ஒவ்வொன்றுக்கும் சில மணி நேரம் பிடிக்கும், ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மூன்றும் சேர்ந்து ஒரே நாளில் ஓரிடத்தில் இருக்கக் கூடாது என்பதால் வெளியூர்ப் படியை அங்கேயே ஒருவர் சரிபார்த்து முடிவைச் சொல்லட்டும். இரண்டாம் நாள் ஏதாவது இருபது கோப்பைத் திறந்து கண்ணால் பார்த்து, ஐந்து வருடமான டிஸ்க்கை மாற்றி, புதிதாக வந்தவற்றைப் பொட்டலம் கட்டி, பதிவேட்டில் எழுதுங்கள்: தேதி, செய்தவர், எந்த டிஸ்க், எத்தனை கோப்பு, எத்தனை பிழை, என்ன செய்தோம்.

அந்தப் பதிவேடு தாளில் இருக்கட்டும். முதல் பக்கத்தில் டிஸ்க்குகள் எங்கே, சாவி யாரிடம், கோப்புப் பெயர்களின் பொருள் என்ன, சரிபார்ப்பது எப்படி என்று கணினி அதிகம் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி எழுதுங்கள். எழுதியதை அடுத்த வருடம் வேறொருவர் கையில் கொடுத்து, யாரும் பக்கத்தில் நிற்காமல் அவரைச் செய்யச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரியைத் திருத்தி எழுதுங்கள்.